திருகோணமலைப் பாடசாலை ரோபோ அணி: போட்டிப் பருவத்துக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோபோ அணிக்கு ஆள் சேர்க்கும் காலம் வந்தால் பெற்றோரும் மாணவரும் அயற்பாடசாலை ஆசிரியர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளோடு வருகிறார்கள். அணியின் பொறுப்பாசிரியர் என்ற முறையில் அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நாங்கள் இருப்பது திருகோணமலை நகரில். கடற்காற்றும், கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்றுக்கால வெயிலும், கொழும்புக்கான தூரமும் எங்கள் ஆயத்தத்தை மிகவும் பாதிப்பவை. ஆகவே வேறு ஊர்க்காரருக்குத் தேவைப்படாத சில செய்திகளும் இதில் உண்டு.

போட்டிப் பருவம் எப்போது தொடங்குகிறது?

போட்டியைப் பொறுத்தது. உலக ரோபோ ஒலிம்பியாட் தன் புதிய விதிமுறைகளை ஜனவரியில் வெளியிடும். நாடுகளின் தேர்வுப் போட்டிகள் ஆண்டின் நடுப்பகுதியிலும், சர்வதேச இறுதி நவம்பர் அளவிலும் நடக்கும். ஃபர்ஸ்ட் லெகோ லீக் தன் கருப்பொருளை ஓகஸ்டில் அறிவிக்கும்.

விதிமுறைகள் வெளிவரும் நாளையே பருவத்தின் முதல் நாளாக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அதற்கு முன்னரே, வாடைக்காற்று மழையில் விளையாட்டு மைதானம் சேறாகிக் கிடக்கும் மாதங்களில், புதிய பிள்ளைகளுக்கு அடிப்படைகளைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். ஈயம் பற்றவைக்கவும் மின்னளவு பார்க்கும் மல்டிமீற்றர் பிடிக்கவும் ஜனவரியில்தான் பழகத் தொடங்கினால், விதிமுறையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

இத்தனை போட்டிகள் இருக்கின்றனவே, எதற்குத் தயாராவது?

ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். முதல் ஆண்டில் ஒன்றே ஒன்று.

உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஓர் அணியில் இரண்டு அல்லது மூன்று மாணவர்கள், ஒரு பயிற்றுநர். இதன் ரோபோமிஷன் பிரிவில் ரோபோ தானாகவே ஆடுகளத்தில் ஓடிப் பொருள்களை எடுத்து உரிய இடங்களில் வைக்க வேண்டும். இரண்டு நிமிட நேரம். போட்டி அன்று காலையில் யாரும் எதிர்பாராத ஒரு புதிய விதியும் அறிவிக்கப்படும். மனப்பாடம் செய்த செய்நிரலோடு வருபவர்களை அந்த விதி உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இந்தப் போட்டியில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக்கின் சவால் பிரிவு நம் போன்ற நாடுகளில் 9 முதல் 16 வயதினருக்கு உரியது. அணியில் பத்துப் பேர் வரை இருக்கலாம். ரோபோ ஆட்டம் இரண்டரை நிமிடம். அதோடு ரோபோவின் வடிவமைப்பு, பிள்ளைகள் செய்த ஆய்வுத் திட்டம், ஒன்றுகூடி வேலை செய்த விதம் ஆகியவற்றையும் நடுவர்கள் மதிப்பிடுவார்கள். கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்ய விரும்பும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

ரோபோகப் ஜூனியரில் காற்பந்து, மீட்புப் பணி, மேடை நிகழ்ச்சி என்று பிரிவுகள் உண்டு. உள்நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மின்னணு மற்றும் தொலைத்தொடர்புப் பொறியியல் துறை நடத்தும் ரோபோ சவாலில் பாடசாலைப் பிரிவும் இருந்துவருகிறது. சொந்தமாகச் சுற்று அமைத்துச் செய்யும் உயர்தர மாணவர்களுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து.

விதிமுறை நூலை இவ்வளவு நாள் வாசிக்க வேண்டுமா?

வேண்டும். மோட்டரைத் தொடுவதற்கு முன் அணியில் எல்லோரும் அதை வாசித்திருக்க வேண்டும். ஆங்கிலம் கடினமாக இருந்தால் பந்தி பந்தியாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியைத் தமிழில் எழுதி மற்றவர்களுக்கு விளக்குங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ரோபோமிஷனில் தொடக்கத்தில் ரோபோவின் அளவு 25 சென்டிமீற்றர் நீளம், 25 அகலம், 25 உயரத்தைத் தாண்டக்கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியும் இந்தக் கணக்கில் சேரும். முதல் வாரத்திலேயே மட்டைப்பெட்டியில் உள்ளளவு 25 சென்டிமீற்றராக ஒரு கூடு செய்யுங்கள். ரோபோவில் புதிதாக எதைப் பொருத்தினாலும் அந்தக் கூட்டுக்குள் வைத்துப் பார்த்த பின்னரே அடுத்த வேலை.

லெகோ தொகுதி வாங்க எங்களிடம் பணம் இல்லை. செய்நிரல் ஏற்றி ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ மின்பலகை போதுமா?

ஃபர்ஸ்ட் லெகோ லீக்குக்குப் போதாது. அங்கே ரோபோ லெகோவிலேயே கட்டப்பட வேண்டும். உலக ரோபோ ஒலிம்பியாட்டில் எதிர்காலப் பொறியியலாளர், எதிர்காலப் புத்தாக்குநர் பிரிவுகளில் எந்தக் கட்டுப்படுத்தியையும் பயன்படுத்தலாம். பல்கலைக்கழகங்கள் நடத்தும் போட்டிகளில் பெரும்பாலும் சொந்தமாகச் செய்த ரோபோக்களே ஓடுகின்றன.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் 14 இலக்க முனைகளும் (உண்டு, இல்லை என்ற இரு நிலை மட்டும்) 6 ஒப்புமை உள்ளீடுகளும் (கூடிக் குறையும் அளவை வாசிப்பவை) இருக்கின்றன. பாடசாலை மட்டத்துக்கு இது தாராளம். ஒரு முனை 20 மில்லி அம்பியர் வரை பாதுகாப்பாகத் தரும். மோட்டருக்கு அதுபோல் பல மடங்கு வேண்டும். ஆகவே மோட்டரை நேரடியாகப் பலகையில் இணைக்கக்கூடாது, நடுவே ஒரு மோட்டர் இயக்கி வேண்டும். எல்298என் என்ற சிவப்புப் பலகைதான் மலிவாகக் கிடைப்பது. அது தனக்குள்ளேயே ஏறத்தாழ 2 வோல்ற்றைத் தின்றுவிடும். மோட்டர் மெதுவாகச் சுற்றுகிறதே என்று தலையை உடைத்துக்கொள்ளும் பிள்ளைகள் முதலில் அங்கே அளந்து பார்க்க வேண்டும்.

பலகை வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டிங்கர்காட் இணையத்தளத்தில் இலவசமாகவே சுற்று வரைந்து, செய்நிரல் எழுதி, ஓட்டிப் பார்க்கலாம்.

ரோபோவின் சட்டகத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். தளபாடக் கடையில் வெட்டி எறியும் ஒட்டுப்பலகைத் துண்டு போதும்.

முதலாவதாக எந்த ரோபோவைச் செய்ய வேண்டும்?

வெள்ளைத் தரையில் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ. பழையதுதான், எல்லோரும் செய்வதுதான். ஆனால் உணர்தல், முடிவெடுத்தல், இயங்குதல் மூன்றும் அதில் இருக்கின்றன. பின்னர் செய்யும் எல்லாமே இதன் நீட்சி.

பெரும்பாலான பிள்ளைகள் தொடக்கத்தில் எழுதும் செய்நிரல் இப்படி இருக்கும்: கறுப்பு தெரிந்தால் இடப்பக்கம் திரும்பு, வெள்ளை தெரிந்தால் வலப்பக்கம் திரும்பு. ரோபோ ஓடும், ஆனால் ஆடி ஆடி ஓடும். அடுத்த படிதான் முக்கியமானது. தரையை வாசிக்கும் உணரியிலிருந்து வரும் ஒப்புமை உள்ளீட்டை ஊனோ பலகை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தருகிறது. வெள்ளையில் 200, கறுப்பில் 800 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடு 500. உணரி கோட்டின் விளிம்பில் நேராக நிற்கும்போது வரும் எண் அது. இப்போது வாசிப்பிலிருந்து 500ஐக் கழியுங்கள். விடை சிறிதாக இருந்தால் சிறிது திரும்பு, பெரிதாக இருந்தால் அதிகம் திரும்பு. வித்தியாசத்தை ஒரு மாறிலியால் பெருக்கி, அதை ஒரு சக்கரத்தின் வேகத்தோடு கூட்டி மற்றதில் கழித்தால் முடிந்தது. அந்த மாறிலியை ரோபோ நடுங்கத் தொடங்கும்வரை மெல்ல மெல்லக் கூட்டி, பிறகு சற்றுக் குறைத்து நிறுத்துங்கள்.

தரம் 8 பிள்ளைக்கு இது புரியும். கழித்தலும் பெருக்கலும்தானே. இணையத்தில் கிடைக்கும் ஆயத்தச் செய்நிரலை ஒட்டி ஓட்டுபவரைவிட, இந்த ஒற்றை வரியைத் தானே எழுதியவர் போட்டிக் களத்தில் நிலைகுலையாமல் நிற்பார்.

எங்கள் மண்டபத்தில் ஒழுங்காக ஓடும் ரோபோ போட்டி மண்டபத்தில் ஏன் தடுமாறுகிறது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

முதற் காரணம் ஒளி. கோட்டை வாசிக்கும் உணரிகள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்பவை. சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறையவே உண்டு. நம் பாடசாலை மண்டபங்கள் பக்கம் திறந்தவை. காலையில் ஒரு வாசிப்பு, நண்பகலில் இன்னொன்று, முகில் மூடினால் வேறொன்று. கொழும்பில் மூடிய மண்டபத்தில் மின்விளக்கு மட்டும் இருக்கும். இங்கே பொருத்திய 500 அங்கே 500 அல்ல. ஆகவே நடு எண்ணைச் செய்நிரலில் நிலையாக எழுதி வைக்கக்கூடாது. தொடக்கப் பொத்தானுக்கு முன் ஓர் அளவுதிருத்தப் பொத்தான் இருக்கட்டும்: ரோபோவைக் கோட்டின் மேல் அங்குமிங்கும் நகர்த்தினால், மிகக் கூடிய எண்ணையும் மிகக் குறைந்த எண்ணையும் தானே பிடித்து நடுவைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். உணரியைச் சுற்றிக் கறுப்பு மட்டையால் ஒரு பாவாடை கட்டினால் பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

இரண்டாவது பற்றரி. இரண்டு லித்தியம் அயன் கலங்கள் முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ற்று. பயன்படுத்தப் பயன்படுத்த 7.4க்கும் அதற்குக் கீழும் இறங்கும். "இரண்டு செக்கன் முன்னே போ" என்று எழுதினால் காலையில் போகும் தூரமும் மாலையில் போகும் தூரமும் ஒன்றாக இருக்காது. நேரத்தால் அளக்காதீர்கள், சக்கரச் சுழற்சியால் அளவிடுங்கள். 6.5 சென்டிமீற்றர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 20.4 சென்டிமீற்றர் போகும். ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 4.9 சுற்று. சக்கரத்தை மாற்றினால் கணக்கும் மாறும்: அதே 4.9 சுற்றில் 6.2 சென்டிமீற்றர் சக்கரம் சுமார் 95 சென்டிமீற்றரே போகும்.

மூன்றாவது வெப்பம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மீயொலி உணரி ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கிறது. 20 பாகை செல்சியசில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர். 35 பாகையில் 352 மீற்றர். ஜூலை மாதத்தில் நம் மண்டபத்தில் பொருத்திய கணக்கைக் குளிரூட்டிய மண்டபத்தில் ஓட்டினால் ஒரு மீற்றருக்கு இரண்டு சென்டிமீற்றருக்கு மேல் பிழை வரலாம். பொருளைப் பிடிக்கும் கைக்கு அந்த இரண்டு சென்டிமீற்றர் மிகப் பெரிது.

நான்காவது தூசு. கச்சான் வீசும் மாதங்களில் தரையில் மெல்லிய மணல் படிந்துகொண்டே இருக்கும். சக்கர இறப்பரில் அது ஒட்டினால் சக்கரம் வழுக்கும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைப்பதைப் பழக்கமாக்குங்கள். போட்டி ஆடுகளம் சுத்தமாக இருப்பதால் அங்கே பிடிமானம் கூடும், திருப்பங்களின் அளவு மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே வழியில்தான் வெல்லலாம். வேண்டுமென்றே சூழலை மாற்றிப் பயிற்சி செய்யுங்கள். ஒருநாள் யன்னல்களை மூடி, ஒருநாள் திறந்து, ஒருநாள் பாதி தீர்ந்த பற்றரியோடு. பத்து ஓட்டத்தில் எத்தனை சரியாக முடிந்தது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு தடவை அற்புதமாக ஓடி ஒன்பது தடவை விழும் ரோபோவைவிட, குறைந்த வேலையைப் பத்துத் தடவையும் பிசகாமல் முடிக்கும் ரோபோவையே நான் போட்டிக்கு அனுப்புவேன். பிள்ளைகளுக்கு இது முதலில் பிடிக்காது. கை இரண்டு வேண்டும், வேகம் வேண்டும் என்பார்கள். கொப்பியிலுள்ள எண்களைக் காட்டிப் பேசுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் சாதனங்கள் பழுதாகுமா?

ஆகும். உப்புக் காற்று இணைப்பு முனைகளில் பச்சை படிய வைக்கும். பிறகு ஆட்டினால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிப்பதுதான் மிகவும் கடினம். இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். புதுச் சப்பாத்து, கைப்பை வாங்கும்போது வரும் பொதிகளை வீசாமல் எங்களிடம் தாருங்கள். போட்டி ரோபோவில் செருகும் கம்பிகளை நம்பாமல் பற்றவைத்துவிடுவது நல்லது.

பற்றரி தீப்பிடிக்கும் என்கிறார்களே?

அச்சத்தில் நியாயம் இருக்கிறது. லித்தியம் கலத்தை மிகையாக மின்னேற்றினாலும், இரு முனைகளும் உலோகத்தில் பட்டு இணைந்தாலும், குத்துப்பட்டாலும் ஆபத்து. ஆகவே எங்கள் அணியில் விட்டுக்கொடுக்காத விதிகள் இவை: ஆள் இல்லாத அறையில் மின்னேற்றம் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில் மின்னேற்றுவதும் கிடையாது. ஒரு கலம் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கக்கூடாது. வீங்கிய கலத்தை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். காற்சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் கலத்தைப் போடவே கூடாது.

வெளிநாட்டுப் போட்டிக்கு விமானத்தில் போக நேர்ந்தால் மேலதிக லித்தியம் பற்றரிகள் கைப்பொதியில்தான் வர வேண்டும்.

பெற்றோர் எவ்வளவு உதவலாம்?

நிறைய உதவலாம். ரோபோவில் கைவைப்பதைத் தவிர.

திருக்கடலூரில் படகு எஞ்சின் திருத்தும் ஒரு தந்தைக்கு, அதிர்வில் திருகாணி ஏன் தளர்கிறது, எப்படித் தடுப்பது என்பது எந்தப் பாடநூலையும்விட நன்றாகத் தெரியும். தையல் வேலை செய்யும் தாய்க்குக் கம்பிகளை ஒழுங்காகக் கட்டத் தெரியும். வாருங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் திருகாணியைப் பிள்ளையே முறுக்கட்டும். கோணலாகப் பொருத்தினாலும் பரவாயில்லை, கழற்றித் திரும்பப் பொருத்துவார்கள்.

நடுவர்கள் பிள்ளைகளிடம்தான் கேட்பார்கள். "இந்தப் பற்சில்லை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்ற கேள்விக்குத் தந்தை செய்த ரோபோவோடு வந்த பிள்ளை வாய் திறக்காமல் நிற்கும். அந்த நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது பெரும் அநியாயம். உலக ரோபோ ஒலிம்பியாட்டில் போட்டி நேரத்தில் பயிற்றுநர்கூட அறிவுரை சொல்லக்கூடாது. நானும் வெளியேதான் நிற்பேன்.

பெண் பிள்ளைகளுக்கு இது சரிவருமா?

இந்தக் கேள்வி இன்னும் வருவது எனக்கு வருத்தம் தருகிறது. 2017இல் வாஷிங்டனில் நடந்த முதலாவது ஃபர்ஸ்ட் குளோபல் சர்வதேச ரோபோப் போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகர மாணவிகள் தெரிவானார்கள். அமெரிக்க விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டு, கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்துப் போனார்கள். துணிவான சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். 2020இல் கொரோனா பரவியபோது அதே பெண் பிள்ளைகள் அணி பழைய டொயோட்டா கொரோலா உதிரிப் பாகங்களைக் கொண்டு மலிவான சுவாசக் கருவி ஒன்றை வடிவமைத்தது.

கலவன் அணிகளில் நான் கவனித்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொப்பி எழுதுவதும் சுவரொட்டிக்கு நிறம் தீட்டுவதும் பெண் பிள்ளைகளிடம் போகும். ஈயம் பற்றவைப்பதும் ரோபோ ஓட்டுவதும் ஆண் பிள்ளைகளிடம் போகும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் ஆசிரியர் கவனிக்காவிட்டால் அப்படித்தான் முடியும். எங்கள் அணியில் வேலைகள் வாராவாரம் கைமாறும். பெயர்ப்பட்டியல் சுவரில் இருக்கும்.

சாதாரண தரப் பரீட்சை இருக்கிறதே?

தரம் 11 மாணவர்களைப் பரீட்சை நெருங்கும் காலத்தில் அணியில் வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் விரும்பினால் தம்பி தங்கைகளுக்கு ஆலோசனை சொல்ல வரலாம். உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013இல் தொடங்கியபின், பொறியியல் தொழில்நுட்பம் எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் நேரடியாகவே பயன்படுகிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: போட்டியில் வென்றதால் பரீட்சைத்தாளில் ஒரு புள்ளியும் கூடாது. அதை எதிர்பார்த்து யாரும் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரலாமா?

வரலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பாதைப்படகுக்குக் காத்திருக்கும் நிலை இல்லை. தூர இடத்துப் பிள்ளைகள் கடைசி நேர பஸ்ஸுக்கு ஓடக்கூடாது என்பதற்காகப் பயிற்சியை நேரத்தோடு முடித்துவிடுகிறோம். அதற்கு மேல் மிஞ்சும் வேலையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

போட்டியில் தமிழில் பேசலாமா?

உள்நாட்டுப் போட்டி என்றால், விண்ணப்பிக்கும்போதே தமிழ்மொழி அணி என்று எழுத்தில் அறிவித்து, தமிழ் தெரிந்த நடுவரோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று கேளுங்கள். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. சர்வதேச இறுதிகளில் ஆங்கிலம்.

எந்த மொழியில் பேசினாலும் ஆயத்தம் தமிழில்தான் தொடங்க வேண்டும். தன் ரோபோவைத் தமிழில் மடமடவென்று விளக்க முடிந்த பிள்ளை ஆங்கிலத்துக்குச் சில வாரங்களில் போய்விடும். ஆங்கில வசனங்களை நேரடியாகப் பாடமாக்கிய பிள்ளை, இடையில் நடுவர் ஒரு கேள்வி கேட்டால் தொடர முடியாமல் நின்றுவிடும். பயிற்சிக்கு ரோபோ பற்றி எதுவும் தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். அம்மம்மா மிகப் பொருத்தம். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்.

கொழும்புக்கு எப்படிப் போவீர்கள்?

பெரும்பாலும் இரவு ரயிலில், கல் ஓயாச் சந்தி வழியாக. ரோபோ பொதிகளோடு மேலே ஏறாது. பஞ்சு வைத்த பெட்டியில் முறை வைத்து மடியிலேயே வரும். முடிந்தால் போட்டிக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். உறக்கமில்லாமல் இறங்கி நேரே ஆடுகளத்துக்குப் போகும் பிள்ளையால் அன்று காலையில் அறிவிக்கப்படும் புதிய விதியை நிதானமாக வாசிக்க முடியாது.

மேலதிகமாகக் கொண்டுபோக வேண்டியவை: ஒரு மோட்டர், ஒரு மோட்டர் இயக்கி, உணரிகள், இறப்பர் வளையங்கள், செய்நிரலின் பிரதி இரண்டு பென் டிரைவ்களில், நீட்டுக் கம்பியோடு மின்செருகி.

முன்னறிவு இல்லாத பிள்ளை சேரலாமா?

சேரலாம், தரம் 7இலிருந்து. கணினி வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நான் தேர்வுப் பரீட்சை வைப்பதில்லை; பழுதான ஒரு விளையாட்டுக் காரைக் கொடுத்து, கழற்றித் திரும்பப் பூட்டச் சொல்வேன். பூட்டி முடிக்காவிட்டாலும் பிழையில்லை. எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று ஒழுங்காக அடுக்கி வைக்கிற பிள்ளையை உடனே சேர்த்துக்கொள்வேன். மற்றவர்களுக்கு அந்தப் பழக்கத்தை முதல் தவணையில் சொல்லிக்கொடுப்போம்.

போட்டி முடிந்ததும் ரோபோவை என்ன செய்வீர்கள்?

எல்லாப் பக்கத்திலும் படம் எடுத்து, செய்நிரலையும் கொப்பியையும் சேமித்துவிட்டு, பிரித்துவிடுவோம். வென்ற ரோபோவானாலும் அப்படித்தான். கண்ணாடி அலுமாரியில் வைத்தால் நல்ல மோட்டர்கள் பயனின்றித் துருப்பிடிக்கும். ஒவ்வொரு மோட்டரையும் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருப்பவற்றுக்குப் பச்சை, ஐயமானவற்றுக்கு மஞ்சள் நாடா ஒட்டுவோம். பச்சை நாடா ஒட்டியவை அடுத்த ஆண்டு அணிக்கு. மஞ்சள், தரம் 7 பிள்ளைகள் கழற்றிப் பழகுவதற்கு.